எழுப்பக் கூடாத தூக்கம்

தூங்குகிறவளை எழுப்புவது என்ன பெரிய வித்தையா? தோளைத் தட்டி, "எழுந்திரு, நேரமாச்சு" என்றால் முடிந்தது. கல்யாணமானவர்கள் தினமும் செய்கிற காரியம்தான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், நாலுவிரல் ஒரு பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டு, எதிர்ப்பக்கம் பஸ் நிழற்குடையில் தூங்கிக்கொண்டிருந்த தன் சொந்த மனைவியை எழுப்பலாமா கூடாதா என்று தெரியாமல் பட்ட பாடு இருக்கிறதே, அது என் விரோதிக்கும் வர வேண்டாம்.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். நாலுவிரல் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, ஊர் வைத்தது. கார் ஓட்ட லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களைச் சோதிக்கிற அதிகாரி அவர். மைதானத்தில் வெள்ளைக் கோடு போட்டிருக்கும். ரிவர்ஸில் வந்து இரண்டு கோட்டுக்கு நடுவே வண்டியை நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் இவர் கைக்குட்டையை விரித்து, அதன் மேல் முழங்காலை ஊன்றி, டயருக்கும் கோட்டுக்கும் நடுவே கையை வைத்துப் பார்ப்பார். நாலு விரல் நுழைந்தால் பாஸ். மூன்றுதான் நுழைந்தது என்றால் ஃபெயில். அழுதாலும் ஃபெயில், காலில் விழுந்தாலும் ஃபெயில், பெரிய இடத்துச் சிபாரிசோடு வந்தால் இன்னும் நன்றாக ஃபெயில். அவருடைய மைத்துனன் பல தடவை வந்து பார்த்துவிட்டு, இன்றைக்கும் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறான்.

மனைவியும் அந்த மைதானத்தில் கிடைத்தவள்தான். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிற வேலை அவளுக்கு. இளவயதில் லைசென்ஸுக்கு வந்தாள். மூன்று விரல். ஃபெயில். மறுநாள் திரும்ப வந்தாள். அழுவதற்கு வருகிறாள் என்று இவர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார். அவளோ அவர் மூக்கை உற்றுப் பார்த்து, "சார், உங்க கண்ணாடி ஒரு பக்கம் சாஞ்சிருக்கு. அதான் கோடு உங்களுக்குக் கிட்டத் தெரியுது. கடைக்கு வாங்க, சரி பண்ணித் தரேன்" என்றாள். போனார். கண்ணாடி நிமிர்ந்தது. "இப்போ சொல்லுங்க, பாஸா?" என்றாள். "இப்போ பார்த்தாலும் மூணு விரல்தான்" என்றார் மனுஷன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பில் விழுந்தவர்தான் இவர். கல்யாணத்துக்குப் பிறகு அவள் மறுபடி சோதனைக்கு வரவில்லை. "ஓட்டுறதுக்கு ஆளையே கட்டிக்கிட்டேன், எனக்கெதுக்கு லைசென்ஸ்?" என்று கடைக்குச் சைக்கிளில் போய் வந்தாள்.

அந்தச் சைக்கிள்தான் வினையாக முளைத்தது. மகள் படிப்புக்காக வெளியூர் போனபின், கடைக்குப் போகிற சைக்கிள் பக்கத்து ஊருக்குப் போனது, அப்புறம் அதற்கும் அடுத்த ஊருக்குப் போனது. ஒருநாள் நெடுந்தூரச் சைக்கிள்காரர்களின் சங்கம் ஒன்றைக் கண்டுபிடித்து அதில் சேர்ந்தே விட்டாள். அவர்களுடைய கூத்து என்னவென்றால், ஒரே வருஷத்துக்குள் இருநூறு, முந்நூறு, நானூறு, அறுநூறு கிலோமீட்டர் என நாலு ஓட்டம், ஒவ்வொன்றையும் குறித்த கெடுவுக்குள் முடிக்க வேண்டும். முடித்தால், நாலு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் பெரிய ஓட்டத்துக்குத் தகுதி. வழியில் ஆங்காங்கே கன்ட்ரோல் என்று ஒரு நிறுத்தம். அங்கே அட்டையில் முத்திரை வாங்க வேண்டும்.

"முதல்ல வந்தா என்ன குடுப்பாங்க?" என்று கேட்டார் நாலுவிரல்.

"ஒண்ணும் இல்ல."

"கடைசியா வந்தா?"

"அதேதாங்க."

அவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. ஆசை காட்டாத விளையாட்டு, ரூல் மட்டும்தான் இருக்கிறது. சட்டப் புத்தகத்தை அவளுக்கு முன்பே அவர் மனப்பாடம் செய்துவிட்டார். அதில் அவருக்கு ரொம்பப் பிடித்தது ஒரே ஒரு ரூல். வழியில் குடும்பத்தார், நண்பர் யாரும் எந்த உதவியும் செய்யக் கூடாது. பார்க்க வேண்டுமானால் முடிகிற இடத்தில் வந்து பார்த்துக்கொள்ளலாம். வழியில் போகிற அந்நியர் தண்ணீர் கொடுத்தால் குடிக்கலாம், கட்டிய கணவன் கொடுத்தால் ஓட்டம் செல்லாது. "சபாஷ், இதுதான் ரூல்" என்று தொடையைத் தட்டினார். பின்னால் அதே ரூல் தன் கழுத்தைப் பிடிக்கும் என்று அப்போது அவருக்கு எப்படித் தெரியும்?

கண்ணாடிக்காரிக்குக் காலில் பிரச்சினை இல்லை, முட்டியில் பிரச்சினை இல்லை. தூக்கத்தில்தான் பிரச்சினை. நானூறு வரைக்கும் தூங்காமலேயே ஓட்டிவிடலாம். அறுநூறில் எங்கேயாவது ஒரு மணி நேரமாவது கண்ணயர்ந்தே ஆக வேண்டும். ஆண்பிள்ளைகளுக்கு என்ன, கண்ட இடத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மூட்டை மாதிரி விழுந்துவிடுவார்கள். இவளுக்கு ஒரு இடம் அமைய வேண்டுமே! வெளிச்சம் இருக்க வேண்டும், ஆனால் கண்ணில் குத்தக் கூடாது. ஆள் நடமாட்டம் வேண்டும், ஆனால் யாரும் கிட்டே வரக் கூடாது. ஏடிஎம் அறையில் படுத்துப் பார்த்தாள், காவலாளி எழுப்பிவிட்டார். ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு வந்தவர்கள் உட்காரும் கூடம் அருமையான இடம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று கண்டுபிடித்தாள். ஆனால் அங்கே ஒரு பெண்மணி இவள் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்துவிட, அவளைத் தேற்றுவதிலேயே நேரம் போய்விட்டது. எங்கே படுத்தாலும் ஒரு கண் திறந்தேதான் இருந்தது. போன வருஷம் அறுநூறில், ஓட்டிக்கொண்டிருக்கும்போதே தூங்கி, சைக்கிளோடு புதருக்குள் போனாள். கெடுவும் போனது. வீட்டுக்கு வந்து முள்ளை எடுத்துக்கொண்டே, "பாவிமக, எனக்குத் தூங்கத் தெரியலீங்க" என்று அழுதாளே ஓர் அழுகை, நாலுவிரல் அன்றைக்குச் சோற்றில் கை வைக்கவில்லை.

பெரிய ஓட்டத்துக்கு முன்னால் இதுதான் கடைசி அறுநூறு. இதை விட்டால் இன்னும் நாலு வருஷம். அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் தைரியம் வீட்டில் யாருக்கும் இல்லை.

வெள்ளிக்கிழமை இரவு கிளம்பினார்கள். ஞாயிறு பகல் இரண்டு மணிக்குள் முடிக்க வேண்டும். கன்ட்ரோல்களில் யார் எப்போது வந்தார்கள் என்பதைச் சங்கத்தார் ஃபோனில் போட்டுக்கொண்டே இருப்பார்கள். வெளியூரிலிருந்து மகள் அதைப் பார்த்துப் பார்த்து அப்பாவுக்குச் சொன்னாள். சனிக்கிழமை ராத்திரி மனைவியிடமிருந்து ஒரே ஒரு செய்தி: 'தூக்கம் வரல.' ஞாயிறு விடிந்ததும் மகள் கூப்பிட்டாள். "அம்மா கடைசி கன்ட்ரோல் தாண்டிட்டாங்கப்பா. ஆனா ரொம்ப மெதுவா வராங்க." அதற்கு மேல் இவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. முடிகிற இடத்துக்கு இப்போதே போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்று காரை எடுத்தார்.

சைக்கிள்காரர்கள் வருவது பழைய சாலையில். காரில் போகிறவர்கள் பைபாஸில்தான் போக வேண்டும் என்று சங்கம் சொல்லியிருந்தது. நாலுவிரல் பைபாஸில்தான் போனார். பாதி வழியில் பாலத்தில் ஏதோ விரிசல் என்று தடுப்பு வைத்து, போலீஸ்காரர் எல்லா வண்டியையும் பழைய சாலைக்குத் திருப்பிவிட்டார். "சார், நான் அந்த ரோட்டுல போகக் கூடாதே" என்றார் இவர். "அப்போ வீட்டுக்குப் போங்க" என்றார் அவர். வேறு வழி? ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, குதிரைக்குக் கண்பட்டை போட்ட மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். எந்தச் சைக்கிளையும் பார்ப்பதாக இல்லை.

பார்த்துவிட்டார். பஸ் நிழற்குடைத் தூணில் சாய்த்திருந்த சைக்கிளை ஆயிரம் சைக்கிளில் அவருக்குத் தெரியும். பக்கத்தில் சிமென்ட் பெஞ்சில், ஷூவைத் தலைக்கு வைத்து, ஹெல்மெட்டை வயிற்றில் வைத்து, பளபளக்கிற மஞ்சள் அங்கியைப் போர்த்திக்கொண்டு அவள். கை தானாகத் திருப்பியது. கார் எதிரே இருந்த பங்குக்குள் போய் நின்றது. முதல் காரியமாக அவள் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார். ஹெல்மெட் மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது. அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. அந்த நிம்மதி முழுசாக வந்து உட்காருவதற்குள் மணியைப் பார்த்துத் தொலைத்தார்.

"எவ்வளவுக்கு சார்?" பங்கில் வேலை செய்கிற பெண்மணி வந்து நின்றார். தலையில் தொப்பி, தோளில் துண்டு, நடு வயது.

"ஃபுல் பண்ணுங்க."

குழாயை வைத்ததும் டக்கென்று நின்றுவிட்டது. "ஏற்கெனவே ஃபுல்லாத்தானே சார் இருக்கு?"

"அப்போ காத்து பாருங்க."

நாலு சக்கரத்திலும் காற்று கச்சிதமாக இருந்தது. "கண்ணாடி துடைங்க" என்றார். பங்க் அம்மாள் துடைத்துக்கொண்டே அவர் பார்வை போன திக்கைப் பார்த்தார்.

"அந்த சைக்கிள் அம்மாவையா பார்க்குறீங்க? நானும் பார்த்துட்டுத்தான் இருக்கேன். கூட வந்தவங்க எல்லாம் முன்னால போயிட்டாங்க. இவங்க வந்து படுக்குறாங்க, எழுந்து உக்கார்றாங்க, மறுபடி படுக்குறாங்க. இப்போதான் கண்ணசந்தாங்க, பாவம்."

நாலுவிரல் மனசுக்குள் கணக்குப் போட்டார். இப்போது எட்டு மணி. முடிகிற இடத்துக்கு இன்னும் தொண்ணூறு கிலோமீட்டர். இவ்வளவு களைப்பில் அவள் ஓட்டுகிற வேகத்துக்கு ஐந்து மணி நேரம் பிடிக்கும். ஒன்பது மணிக்கு எழுந்தால் பிழைத்தாள். அதற்கு மேல் தூங்கினால் போச்சு, நாலு வருஷம் போச்சு.

சங்கத் தலைவிக்கு ஃபோன் போட்டார். அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர். வாரம் பூராவும் ஜனங்களைத் தூங்க வைத்துவிட்டு, சனி ஞாயிறில் தூங்க விடாமல் அடிக்கிறார் என்று சைக்கிள்காரர்கள் கேலி செய்வார்கள்.

"டாக்டர், ஒரு பொதுவான சந்தேகம். வழியில ஒருத்தர் தூங்கிட்டு இருக்கார்னு வைங்க. அவரை இன்னொருத்தர் எழுப்பலாமா?"

"யாரு எழுப்புறது? போற வர்றவங்களா?"

"சொந்தக்காரர்னு வைங்க."

"கூடவே கூடாது. அது உதவி. ஓட்டம் செல்லாது." அந்தப் பக்கம் ஒரே சத்தம். "பாலத்தை மூடிட்டாங்களாமே? அந்த ரோட்டுல வந்தா பரவாயில்ல சார், நிக்காம வந்துடுங்க. வைக்கட்டுமா?"

வைத்துவிட்டார்.

அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை. பங்க் அம்மாள் அந்நியர்தானே? அவராகப் போய் எழுப்பினால் ரூலுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இவர் சொல்லி அவர் எழுப்பினால் அது இவர் எழுப்பியதுதான். ஆகவே சொல்லக் கூடாது, அவருக்கே தோன்ற வேண்டும். "இவ்வளவு நேரம் தூங்குறாங்களே, எங்கேயாச்சும் போக வேண்டியிருக்குமோ என்னமோ" என்று காற்றைப் பார்த்துச் சொன்னார்.

"இருக்கட்டும் சார், நல்லாத் தூங்கட்டும்" என்றார் பங்க் அம்மாள். "ஒரு பொம்பளை ரோட்டோரமா இப்படி அசந்து தூங்கிப் பார்த்திருக்கீங்களா? நான் பார்த்ததில்ல. எவன் எழுப்புறான்னு பார்க்குறேன்."

அத்தோடு விட்டாரா? டீசல் போட வந்த ஒரு லாரி, முன்னால் நின்ற வேனைப் பார்த்துப் பாங்கென்று ஹாரன் அடிக்கப் போக, பங்க் அம்மாள் துண்டை வீசிக்கொண்டு ஓடினார். "அண்ணே, அண்ணே! அடிக்காதீங்க! அங்க ஒரு அம்மா தூங்குது!" முரட்டு மீசை டிரைவர் எட்டிப் பார்த்து, "அச்சச்சோ" என்று என்ஜினையே அணைத்துவிட்டார். அப்புறம் வந்த பஸ்காரரும் சத்தமில்லாமல் ஆளை இறக்கிவிட்டுப் போனார். இறங்கிய இரண்டு பேரும் செருப்பைத் தேய்க்காமல் நடந்தார்கள். கேட்டீர்களா கூத்தை! ஊர் உலகத்தில் இருக்கிற நல்ல மனசெல்லாம் அன்றைக்கென்று அந்தச் சாலையில் கூடியிருந்தது. ஒரு கெட்டவன், ஒரு குடிகாரன், காது கிழியக் கத்துகிற ஒரு ஐஸ்கிரீம் வண்டி, எதுவும் வரவில்லை. நாலுவிரல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

எட்டே முக்கால் ஆனது. ஃபோன் செய்து பார்க்கலாமா? வீட்டிலிருந்து கூப்பிட்டால் அது நலம் விசாரிப்பது. எதிரே நின்று பார்த்துக்கொண்டே கூப்பிட்டால் அது எழுப்புவது. வீட்டிலேயே இருந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். ஒன்பதும் ஆனது. அவள் புரண்டுகூடப் படுக்கவில்லை. ஒன்பது ஐந்துக்கு, ரூல் கிடக்கட்டும் என்று கூப்பிட்டே விட்டார். சார்ஜ் போகக் கூடாதென்று அவள் ஃபோனை அணைத்து வைத்திருந்தாள்.

போன வருஷத்து அழுகை அவர் காதில் கேட்டது. ஒரு தடவை இவளுக்கு ஃபெயில் போட்டவன் நான்தான். இன்றைக்கும் நின்று வேடிக்கை பார்த்து என் கையாலேயே இன்னொன்று போடவா? எழுப்பாவிட்டால் கெடு போகும். எழுப்பிவிட்டு உண்மையைச் சொன்னால் ஓட்டம் செல்லாது. எழுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டால் மட்டும்தான் அவள் பாஸ்.

"ரூலாவது மண்ணாங்கட்டியாவது" என்றார் நாலுவிரல். வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவரே திடுக்கிட்டார். மைத்துனன் மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பான்.

சாலையைக் கடக்கும்போதே பொய்யை ஒத்திகை பார்த்தார். 'நான் எழுப்பல, அவளாத்தான் எழுந்தா.' முதல் தடவை நாக்குக் குழறியது. இரண்டாம் தடவை, கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்வது போல நீண்டுவிட்டது. பரவாயில்லை, இன்னும் ஐந்து மணி நேரம் இருக்கிறது, பழகிக்கொள்ளலாம்.

பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்றார். முகமெல்லாம் புழுதி, கன்னத்தில் வேர்வை காய்ந்த உப்பு, மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய தடம். வாய் லேசாகத் திறந்திருந்தது. குறட்டைகூட விட்டாள். வீட்டில் குழாய் சொட்டினால் எழுந்துகொள்கிறவள் இவள். இவர் பாத்ரூம் போனால் 'என்னங்க, என்ன ஆச்சு' என்று கேட்கிறவள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு தூக்கத்தை அவள் முகத்தில் அவர் பார்த்ததே இல்லை. எழுப்ப மனசே வரவில்லை. ஆனாலும் குனிந்தார், கையை நீட்டினார்.

"தொடாதீங்க."

கண் திறக்காமலே சொன்னாள். நாலுவிரல் அப்படியே சிலையாக நின்றார்.

"பேசவும் பேசாதீங்க. ஒரு வார்த்தை பேசினாலும் எல்லாம் போச்சு. காருக்குப் போங்க."

மணிக்கட்டில் கட்டியிருந்த அலாரப் பட்டை உர்ரென்று அதிர்ந்தது. அதைத் தட்டி அணைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். ஷூவை மாட்டினாள், தண்ணீரில் முகத்தைக் கழுவினாள், கண்ணாடியைச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. சைக்கிளில் ஏறி ஒரு மிதி மிதித்தாள். அந்த முதல் மிதியிலேயே தெரிந்தது, இது காலையில் மெதுவாக வந்த ஆள் இல்லை என்று. வளைவில் மறைகிற வரைக்கும் நாலுவிரல் பார்த்துக்கொண்டே நின்றார்.

திரும்பி வந்ததும் பங்க் அம்மாள் பிடித்துக்கொண்டார். "என்ன சார் நீங்க! எழுப்பிட்டீங்களே! உங்களுக்கு மனசாட்சியே இல்லையா?"

"நான் எழுப்பல! அவளாத்தான் எழுந்தா!" என்றார் நாலுவிரல். சொன்ன பிறகுதான் அது நிஜம் என்று அவருக்கு உறைத்தது. இத்தனை ஒத்திகை பார்த்த பொய், உண்மையாகவே ஆகிவிட்டது. காரில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் சும்மா சிரித்தார்.

ஓட்டம் முடிகிற இடம் ஒரு மெத்தைக் கடை. டாக்டரின் தம்பி நடத்துவது, ஞாயிறு விடுமுறை. வந்து சேர்ந்தவர்கள் காட்சிக்கு வைத்திருந்த மெத்தைகளில் ஆளுக்கொரு மூலையில் கிடந்தார்கள். 'படுத்துப் பார்த்து வாங்குங்கள்' என்ற பலகைக்குக் கீழே ஒருவர் விட்ட குறட்டையில் பிளாஸ்டிக் உறை படபடத்தது. நாலுவிரல் வாசலிலேயே நின்றார். ஒரு மணி. ஒன்றேகால். ஒன்றரைக்கு முன்னால் தெருமுனையில் அந்த மஞ்சள் அங்கி திரும்பியது. இவர் போட்ட கணக்கெல்லாம் தூங்காதவளின் கால்களுக்குப் போட்டது. தூங்கி எழுந்தவளின் கால்கள் வேறு. நாலுவிரல் ஓடிப்போய்ச் சைக்கிளைப் பிடித்தார். இங்கே பிடிக்கலாம், ரூல் உண்டு. அவள் இறங்கி அவர் தோளைப் பற்றிக்கொண்டாள்.

டாக்டர் அட்டையை வாங்கி மேஜையில் வைத்து, முத்திரையை ஓங்கினார்.

"ஒரு நிமிஷம் டாக்டர்" என்றார் நாலுவிரல்.

கண்ணாடிக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். தன் வீட்டு மனுஷனை அவளுக்குத் தெரியாதா?

"நான் வழியில நின்னேன்."

"தெரியும் சார். பாலம் மூடியிருந்துச்சு. பெட்ரோல் போட நின்னிருப்பீங்க."

"டேங்க் ஃபுல்லா இருந்துச்சு."

"சரி, காத்து பார்க்க நின்னிருப்பீங்க."

"காத்தும் சரியாத்தான் இருந்துச்சு."

"அண்ணே, வாயை மூடுங்கண்ணே!" என்று ஒரு மெத்தையிலிருந்து குரல் வந்தது.

"இவ தூங்கிட்டு இருந்தா. நேரமாச்சுன்னு எழுப்பப் போனேன். எழுப்பிட்டு, எழுப்பலைன்னு உங்ககிட்ட பொய் சொல்றதாவும் இருந்தேன்."

டாக்டர் முத்திரையைக் கீழே வைத்தார். "எழுப்புனீங்களா?"

"அதுக்குள்ள அவளே எழுந்துட்டா."

"தொட்டீங்களா? தண்ணி கிண்ணி ஏதாச்சும் குடுத்தீங்களா? பேசினீங்களா?"

"எங்க டாக்டர், வாயைத் திறக்கவே விடல."

கடை முழுக்கச் சிரிப்பு. டாக்டர் சிரிக்கவில்லை. "சார், உங்க மைதானத்துல, மனசுக்குள்ள கோட்டைத் தொட்டவனுக்கு ஃபெயில் போடுவீங்களா?"

நாலுவிரல் நிஜமாகவே யோசித்தார். "மாட்டேன்."

"அப்போ என்னையும் பாஸ் போட விடுங்க." மறுபடி முத்திரையை எடுத்தார்.

"உதவி பண்ணார் டாக்டர்" என்றாள் கண்ணாடிக்காரி.

சிரிப்பு பட்டென்று நின்றது. நாலுவிரலுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரூல் பேசுறது அவர் ஒருத்தர்தானா? நானும் சொல்லிடுறேன். ரெண்டு ராத்திரியா எத்தனையோ இடத்துல படுத்துப் பார்த்தேன். காலடிச் சத்தம் கேட்டா போதும், எழுந்து உக்காந்துடுவேன். கடைசியா அந்த பெஞ்சுலயும் அப்படித்தான். விட்டுடலாம், என்னால ஆகாதுன்னு எழுந்திருக்கப் போனேன். அப்போ எதிர்ல நம்ம கார் வந்து நின்னுச்சு. இறங்கி வர மாட்டார், எதையும் குடுக்க மாட்டார், எழுப்பவும் மாட்டார்னு எனக்குத் தெரியும். ஆனா அங்கதான் நிப்பார். பட்டையில அலாரத்தை வச்சேன், கண்ணை மூடினேன், அவ்வளவுதான் தெரியும். அவர் வரலைன்னா நான் தூங்கியிருக்க மாட்டேன். தூங்கலைன்னா இங்க வந்திருக்க மாட்டேன். அது உதவின்னா, உதவிதான். இப்போ சொல்லுங்க."

மெத்தைகளில் கிடந்தவர்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் முத்திரையை மறுபடி கீழே வைத்தார்.

"ஆபரேஷன் தியேட்டர்ல தூங்க வைக்கிறது ஒரு ஊசி, அவ்வளவுதான்" என்றார். "அதுக்கப்புறம் கண் முழிக்கிற வரைக்கும் தலைமாட்டுல உக்காந்திருக்கிறதுதான் என் வேலையே. நான் அங்க இருந்தேன்னு எந்த பேஷண்ட்டுக்கும் ஞாபகம் இருக்காது. உங்களுக்கு இருந்திருக்கு." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "வழியில எதையும் குடுக்கக் கூடாது, எதையும் செய்யக் கூடாதுன்னுதான் ரூல். எதிர்ல சும்மா நிக்கக் கூடாதுன்னு ரூல் இல்ல. நான் இருக்குற வரைக்கும் எழுதவும் மாட்டேன்."

டொம்மென்று முத்திரை விழுந்தது. மெத்தைக்காரர்கள் போட்ட கூச்சலில் குறட்டைக்காரர்கூட விழித்து, "யார் ஜெயிச்சா?" என்று கேட்டார்.

நாலுவிரல் மெல்ல வெளியே வந்து காருக்குப் பின்னால் நின்றுகொண்டார். அந்த ஒரு மணி நேரத்தில் தன்னைப்போல ஒன்றுக்கும் உதவாத ஜென்மம் உலகத்தில் இல்லை என்று நினைத்திருந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. அதுதான் அவளுக்கு வேண்டியிருந்ததாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடியும் கழற்ற வேண்டியிருந்தது.

வீட்டுக்குப் போகும்போது, கார் தெருவைத் தாண்டுவதற்குள் அவள் தூங்கிவிட்டாள். அவர் ஒரு பள்ளத்திலும் விடாமல், ஒரு தடவைகூட ஹாரன் அடிக்காமல் ஓட்டினார். வீட்டு வாசலில் நிறுத்தி என்ஜினை அணைத்தார். அவள் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. பேண்ட் பையில் ஃபோன் அதிர்ந்தது. மகள்.

"அப்பா! பாஸ்! பார்த்தேன்! அம்மாகிட்ட குடுங்க!"

"தூங்குறா" என்றார் கிசுகிசுப்பாக.

"எழுப்புங்கப்பா, ஒரே நிமிஷம். அதான் ஓட்டம் முடிஞ்சிடுச்சே, இப்போ எந்த ரூலும் இல்லையே?"

"மாட்டேன் போ."

"சரி, நீங்க எங்க இருக்கீங்க?"

"இங்கதான் இருக்கேன்" என்றார். ஃபோனை அணைத்துவிட்டு, காற்று வரட்டும் என்று ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, அவளாக எழுந்திருக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.